டேலி ஆகாத கணக்கும் ஒன்பது என்ற எண்ணும்

குடியாத்தத்தில் ஒரு கைலிக் கடையில் கணக்கு எழுதும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் கடையில் இன்னும் கையால்தான் பேரேடு எழுதுகிறோம். போன மாதம் பற்றுப் பக்கத்துக்கும் வரவுப் பக்கத்துக்கும் 630 ரூபாய் வித்தியாசம். டேலி ஆகவில்லை என்று இரண்டு மணி நேரமாகத் திண்டாடினேன். கடையின் பழைய கணக்குப்பிள்ளை வந்து, 630-ஐ ஒன்பதால் வகுத்தார். பத்தே நிமிடத்தில் பிழை எங்கே என்று விரல் வைத்துக் காட்டிவிட்டார். எப்படி? அப்புறம் இன்னொன்று. சம், டோட்டல், அமௌன்ட், டேலி என்று எல்லாம் கூட்டல் சம்பந்தப்பட்ட சொற்கள்தானே? ஏன் 'டோட்டல் ஆகவில்லை' என்று யாரும் சொல்வதில்லை?"

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

பள்ளிப் பிள்ளைகள் "சம் போட்டாச்சா?" என்று கேட்பார்கள். வகுத்தலாக இருந்தாலும் அது சம்தான். இங்கிலாந்துப் பள்ளிகளிலும் எண்கணிதம் முழுவதையும் அப்படித்தான் சொல்வார்கள், அங்கிருந்து வந்த பழக்கம். பலர் நினைப்பதுபோல நம்முடைய 'சமம்' என்ற சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. லத்தீனில் 'சும்மா' என்றால் உச்சி. ரோமானியர்கள் எண்களைக் கீழிருந்து மேலாகக் கூட்டி, விடையை உச்சியில் எழுதினார்கள் என்றும், அதனால்தான் விடைக்கு அந்தப் பெயர் வந்தது என்றும் விளக்கம் சொல்வார்கள். 'மேலே' என்று பொருள்படும் 'உபரி' என்ற வடசொல் இதற்குத் தூரத்துச் சொந்தம். குடியாத்தம் பக்கத்து மோர்தானா அணை நிரம்பி உபரி நீர் கௌண்டன்யா ஆற்றில் போகிறது என்று செய்தி படிக்கும்போது எனக்கு இந்த உறவு நினைவுக்கு வரும். 'அமௌன்ட்' என்பதும் மேலே ஏறும் சொல்தான், அதற்குள்ளே ஒரு மலை இருக்கிறது. 'டோட்டல்' என்றால் வெறுமனே முழுமை.

நம் பக்கத்தில் இன்னொரு கூட்டல் சொல்லும் உண்டு. ஆற்காட்டு நவாப் காலத்து நிர்வாக மொழியில் புழங்கிய 'ஜமா'. அரபியில் ஒன்றுசேர்த்தல், கூட்டுதல் என்று பொருள். தாலுகா அலுவலகத்தில் வருடா வருடம் நடக்கும் ஜமாபந்தியில் இருப்பது அந்த ஜமாதான். வட ஆற்காட்டில் தெருக்கூத்துக் குழுவுக்கு ஜமா என்று பேர் இருப்பதும் அதே சொல்லால்தான். வரியும் சேரும், ஆட்களும் சேருவார்கள்.

சரி, டேலிக்கு வருவோம். லத்தீனில் வெட்டிய குச்சிக்கான சொல்லிலிருந்து வந்தது இது. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரு குச்சியில் தொகைக்கு ஏற்றபடி குறுக்கே வெட்டுக்குறி போடுவார்கள். பிறகு அந்தக் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளப்பார்கள். ஒவ்வொரு வெட்டிலும் பாதி ஒருவரிடம், மீதிப் பாதி மற்றவரிடம். பின்னால் யாராவது தன் பாதியில் ரகசியமாக ஒரு வெட்டுக் கூட்டினால் மற்ற பாதியில் அது இருக்காது. வேறு குச்சியைக் கொண்டுவந்தால் மரத்தின் நரம்பு பொருந்தாது. எழுதப் படிக்கத் தெரியாதவரையும் ஏமாற்ற முடியாத ரசீது! இங்கிலாந்தின் அரசுக் கருவூலம் 1826 வரை இதைக் கைவிடவில்லை. சேர்ந்துபோன பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16 அன்று அடுப்பில் போட்டு எரித்தபோதுதான் தீ பரவி, லண்டன் நாடாளுமன்றக் கட்டடமே சாம்பலானது.

ஆக, டோட்டல் என்பது ஒற்றை ஆள். டேலிக்கு இரண்டு பேர் வேண்டும். காட்பாடியில் எங்கள் ஆயா, பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் சமையலறைச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைப்பார். பால்காரரிடம் அவருடைய நோட்டு. மாதக் கடைசியில் புள்ளியையும் நோட்டையும் ஒத்துப் பார்ப்பார்கள். பிளந்த குச்சியின் வேலையைத்தான் அந்தச் சுவர் செய்தது.

இனி அந்த 630 ரூபாய்.

ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ரூபாயை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் ஒரு ரூபாய் மிஞ்சும். நூறு ரூபாயை ஆளுக்குப் பதினொன்றாகக் கொடுத்தால் 99 போய், மறுபடியும் ஒரு ரூபாய் மிஞ்சும். ஆயிரத்தை ஆளுக்கு 111 என்று கொடுத்தால் 999 போய், அதே ஒரு ரூபாய். பத்து, நூறு, ஆயிரம் என்று இந்த வரிசையில் எவ்வளவு தூரம் போனாலும் ஒன்பது பேருக்குப் பிரித்தால் மிச்சம் ஒன்றே ஒன்று. நம் கணக்கு முறை முழுவதும் பத்துப் பத்தாக நிற்பதால் வரும் அழகு இது.

இப்போது 1,814-ஐப் பிரியுங்கள். ஓர் ஆயிரத்துக்கு மிச்சம் 1, எட்டு நூறுக்கு மிச்சம் 8, ஒரு பத்துக்கு மிச்சம் 1, சில்லறை 4. மொத்தம் 14 ரூபாய். அதாவது அந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் என்ன வருமோ அது. அசதியில் யாரோ இதை 1,184 என்று இடம் மாற்றி எழுதிவிட்டார்கள். இப்போது மிச்சம் 1, 1, 8, 4. மறுபடியும் 14! இலக்கங்கள் இடம் மாறினால் தொகை மாறுகிறது, மிச்சம் மாறுவதில்லை. மிச்சம் ஒன்றாகவே இருக்கும் இரண்டு தொகைகளைக் கழித்தால் அந்த மிச்சம் அடிபட்டுப் போகும். எஞ்சுவது ஒன்பதால் மீதியின்றி வகுபட்டே தீரும். 1,814-லிருந்து 1,184-ஐக் கழித்தால் 630.

கணக்குப்பிள்ளை அதோடு நிற்கவில்லை. 630-ஐ ஒன்பதால் வகுத்தால் 70. கடைசியில் ஒரு பூஜ்யம் இருப்பதால், இடம் மாறியவை பத்தாம் இடமும் நூறாம் இடமும். முன்னால் 7 இருப்பதால், மாறிய இரண்டு இலக்கங்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம் ஏழு. அப்படிப்பட்ட ஜோடிகள் மூன்றுதான்: 0-7, 1-8, 2-9. தொகை குறைவாக வந்த பக்கத்தில், நூறாம் இடமும் பத்தாம் இடமும் 07, 18, 29 என்று இருக்கும் பதிவுகளை மட்டும் பார்த்தால் போதும். அதிகமாக வந்த பக்கத்தில் 70, 81, 92. பக்கம் பக்கமாகத் தேட வேண்டிய பிழை, விரல் விட்டு எண்ணக்கூடிய சில வரிகளுக்குள் வந்து மாட்டிக்கொள்கிறது. முதல்முறை இதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பூஜ்யம் விட்டுப்போனாலும் இதே வழிதான். 450 என்பதை 45 என்று எழுதினால் வித்தியாசம் 405. அதை ஒன்பதால் வகுத்தால் 45. தப்பாக எழுதிய தொகையே நேரில் வந்து நிற்கும். ஆனால் ஒன்பதால் வகுபட்டாலே இடமாற்றப் பிழைதான் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஏதோ ஒரு வித்தியாசம் தற்செயலாக ஒன்பதால் வகுபட ஒன்பதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இலக்கங்களைக் கூட்டி ஒற்றை எண்ணாக்கும் இதே வேலையைத்தான் எண்கணித ஜோதிடம் செய்கிறது. வண்டி எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று பதறுகிறவர்களை எனக்குத் தெரியும். வேறு எண் வாங்கக் கடன்பட்டவர்களையும் தெரியும். அந்தக் கூட்டு எண் ஒன்பதால் வகுக்கும்போது வரும் மீதி, அவ்வளவுதான். அதுவும் நமக்குப் பத்து விரல் இருப்பதால். எட்டு விரல் இருந்து எட்டு எட்டாக எண்ணியிருந்தால், ஒன்பதுக்கு இருக்கும் இந்தக் குணமெல்லாம் ஏழுக்குப் போயிருக்கும். விரலின் எண்ணிக்கையை விதி என்று நம்பி யாரும் காசை இழக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளைக்குக் கைகொடுக்கும் இந்தக் குணம் வேறோர் இடத்தில் காலை வாரும். ஆதார் எண்ணில் கடைசி இலக்கம், எண்ணைத் தப்பாக எழுதினால் காட்டிக்கொடுக்கும் ஒரு காவல் இலக்கம். வெறுமனே மற்ற இலக்கங்களைக் கூட்டி அதைப் போட்டிருந்தால், இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் கூட்டல் மாறாது, தவறு பிடிபடாது. அதனால் அங்கே பயன்படுவது வெர்ஹூஃப் என்ற டச்சுக் கணிதவியலாளர் 1969-இல் வெளியிட்ட முறை. ஓர் ஐங்கோணத்தைத் திருப்புவதையும் புரட்டுவதையும் பற்றிய கணிதத்தின் மேல் அது நிற்கிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் தவறாமல் பிடித்துவிடும். ஐங்கோணத்தைப் புரட்டிப் பார்த்து என்ன பிரயோஜனம் என்று கேட்டு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறவர்களுக்கு, அவரவர் சட்டைப்பையில் இருக்கும் அட்டையைத்தான் காட்டுவேன்.

வாசகிக்கு இன்னும் இரண்டு வார்த்தை. வித்தியாசம் ஒன்பதால் வகுபடவில்லை என்றால், அதைப் பாதியாக்கிப் பாருங்கள். 700 ரூபாய் உதைத்தால் 350 ரூபாய்ப் பதிவு ஒன்றைத் தேடுங்கள். வரவில் எழுத வேண்டியதைப் பற்றில் எழுதியிருந்தால் வித்தியாசம் இரட்டிப்பாகத்தான் தெரியும். அதுவும் இல்லையென்றால் மறுபடி கூட்டத்தான் வேண்டும். மேலிருந்து கூட்டியதை இந்த முறை கீழிருந்து கூட்டுங்கள். போன தடவை ஏழும் எட்டும் பதினாறு என்று தடுக்கிய இடத்தில், எதிர்த் திசையில் வரும்போது அந்த ஏழும் எட்டும் பெரும்பாலும் சந்திக்காது. அப்படியும் மசியவில்லை என்றால், காரணம் தெரியாத தொகையைத் தற்காலிகமாக எழுதிவைக்கும் அனாமத்துக் கணக்கில் அன்றைக்குப் போட்டுவிட்டுக் கடையைச் சாத்துங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.