மெல்லிய ஷூவில் மலையேறும்போது பாதத்துக்குள் நடப்பது என்ன?

1955ஆம் ஆண்டு எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பாதையைத் தனியாக நடந்து முடித்தார். ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கி மெய்ன் மாநிலத்தின் கட்டாடின் சிகரம் வரை சுமார் 3,300 கிலோமீட்டர். பதினொரு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். தோளில் ஒரு துணிப்பை, காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ, பள்ளிக்கூடத்தில் பி.டி. வகுப்புக்குப் போட்டுப்போவோமே, அந்த ரகம். மலை என்றால் கணுக்காலுக்கு மேல் வரும் கனத்த தோல் பூட்ஸ்தான் என்று பலரும் நம்பிய காலம் அது. கேட்வுட் அப்புறம் அதே பாதையை இன்னும் இரண்டு முறை முடித்தார்.

பாட்டியின் மன உறுதியைப் பற்றிப் பேசினால் பேசிக்கொண்டே போகலாம். இங்கே அந்த ஷூவை மட்டும் பார்ப்போம்.

முதலில் எடை. முதுகில் மாட்டிய பை, நாம் நடக்கும்போது ஏறக்குறைய ஒரே வேகத்தில் கூடவே வருகிறது. பாதம் அப்படியில்லை. ஒவ்வோர் அடியிலும் தரையில் அசையாமல் நிற்கிறது, பிறகு மேலே எழும்பி உடம்பின் வேகத்தைப்போல இரண்டு மூன்று மடங்கு வேகத்தில் முன்னால் வீசப்படுகிறது, மறுபடியும் நிற்கிறது. நிற்பதைக் கிளப்பவும் வீசியதை நிறுத்தவும் தசைகள் ஒவ்வொரு முறையும் சக்தியைச் செலவழித்தாக வேண்டும். 1969இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் இதை அளந்தார்கள். உடம்பில் சுமக்கும் எடையோடு ஒப்பிட்டால், அதே எடையைக் காலில் கட்டி நடக்க, வேகத்தைப் பொறுத்து நான்கிலிருந்து ஆறு மடங்கு சக்தி கூடுதலாகச் செலவானது. கனத்த மலையேற்ற பூட்ஸ் ஒரு ஜோடி ஒன்றரைக் கிலோ இருக்கும். மெல்லிய ஷூ ஜோடி அரைக் கிலோவுக்குள் அடங்கிவிடும். காலில் குறைகிற அந்த ஒரு கிலோ, பையிலிருந்து நாலைந்து கிலோவை எடுத்து வெளியே வைத்ததற்குச் சமம். இந்தக் கணக்கில் யாருக்கும் சண்டையில்லை. சண்டை எல்லாம் அடிப்பாகத்தைப் பற்றித்தான்.

மெல்லிய ஷூ, அதாவது 'மினிமலிஸ்ட்' ஷூ என்ற பெயரில் எதை வேண்டுமானாலும் விற்றுக்கொண்டிருந்தார்கள். 2015இல் 11 நாடுகளைச் சேர்ந்த 42 நிபுணர்கள் கலந்துபேசி ஒரு பொது அளவுகோலை உருவாக்கினார்கள். எடை எவ்வளவு, எந்த அளவு வளைகிறது, அடிப்பாகம் எவ்வளவு தடிமன், குதிகால் முன்பாதத்தைவிட எவ்வளவு உயரம், பாதம் சாயாமல் பிடித்து நிறுத்தும் உபரிச் சங்கதிகள் எத்தனை என்று ஐந்து விஷயங்களைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். முழு மதிப்பெண் வேண்டுமென்றால் ஒரு ஷூ 125 கிராமுக்குள், தடிமன் 8 மில்லிமீட்டருக்குள், உயர வித்தியாசம் 1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். வழக்கமான ஓட்ட ஷூவில் குதிகால் சுமார் 10 மில்லிமீட்டர் தூக்கலாக இருக்கும். கால் விரல்கள் விரிவதற்கு இடம் உண்டா என்பது அந்தப் பட்டியலில் இல்லை. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும்.

பெயர்தான் புதிது, சரக்கு பழையது. ஓரிகன் மாநிலத்தின் ஃபோர்ட் ராக் குகையில் கிடைத்த, மரப்பட்டை நாரில் முடைந்த செருப்புகளுக்குச் சுமார் 10,000 வயது. ஆர்மீனியாவின் அரேனி குகையில் கிடைத்த, ஒரே மாட்டுத்தோலில் செய்த ஷூவுக்கு 5,500 வயது. இரண்டுமே தட்டையானவை. நுரைமெத்தையும் தூக்கிய குதிகாலும் உள்ள ஓட்ட ஷூ 1970களில்தான் உலகமெங்கும் பரவியது.

சரி, தட்டையாகவும் மெல்லியதாகவும் இருந்தால் பாதத்துக்கு என்ன லாபம்? உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். வெறும் பாதத்தைத் தரையில் பதித்துவிட்டு, பெருவிரலை மட்டும் கையால் மேல்நோக்கித் தூக்குங்கள். பாதத்தின் உட்புற வளைவு தானாக எழும்பும். உள்ளங்காலைத் தடவிப் பார்த்தால் குதிகாலிலிருந்து முன்பாதம் வரை ஒரு பட்டை முறுக்கேறி நிற்பது விரலில் தட்டுப்படும். காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கும்போது பலருக்குக் குதிகாலில் சுள்ளென்று வலிக்கிறதே, அது பெரும்பாலும் இந்தப் பட்டை குதிகால் எலும்பில் வந்து சேரும் இடத்து வலிதான்.

பட்டையின் மறுமுனை விரல்களின் அடியில் போய் முடிகிறது. அடியெடுத்து உந்தும்போது விரல்கள் பின்னோக்கி மடங்குகின்றன. பட்டை முன்பாத எலும்புகளின் முனையைச் சுற்றி இழுபடுகிறது. குதிகாலும் முன்பாதமும் நெருங்க, நடுவில் வளைவு உயர்கிறது. 26 எலும்புகளும் 33 மூட்டுகளும் சேர்ந்த தொளதொளத்த ஓர் அமைப்பு, உந்துகிற கணத்தில் மட்டும் விறைப்பான நெம்புகோலாகிவிடுகிறது. தரையில் இறங்கும்போது மேடுபள்ளத்துக்கு ஏற்ப மறுபடி நெகிழ்கிறது. ஹிக்ஸ் என்பவர் 1954இலேயே விளக்கிய பொறிமுறை இது. கூடவே, உள்ளங்காலில் இருக்கும் சின்னச் சின்னத் தசைகளும் வளைவைத் தாங்குகின்றன.

முன்பாதம் வளையாத கெட்டி ஷூவில் விரல்கள் அந்த அளவு மடங்குவதில்லை. நவீன ஷூக்களின் முனை மேல்நோக்கி வளைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வளைவு கூடக் கூட விரல் மூட்டுகளில் நடக்கும் வேலை குறைகிறது என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. நடப்பது சுலபமாகிறது, உண்மைதான். ஆனால் வேலை குறைந்தால் தசையும் மெலியும். மெக்சிகோவின் தாராஉமாரா பழங்குடியினர் டயர் ரப்பரில் அடிவைத்த செருப்போடு மலைப்பாதைகளில் நடப்பவர்கள். அவர்களின் பாதங்களை அமெரிக்கர்களின் பாதங்களோடு ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. தாராஉமாராக்களின் பாதவளைவு அதிக விறைப்பாகவும், பெருவிரலை இயக்கும் தசை பெரிதாகவும் இருந்தன.

நம் பக்கத்து ஆதாரமும் ஒன்று உண்டு. கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரண்டு மருத்துவர்கள், 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 குழந்தைகளின் கால்தடங்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். காலணி போட்டு வளர்ந்த குழந்தைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம். வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கு. விரல்களை மூடும் ஷூ போட்டவர்களிடம் அதிகமாகவும், செருப்பு போட்டவர்களிடம் அதைவிடக் குறைவாகவும் இருந்தது. இது கணக்கெடுப்புதான், இதை வைத்துக் காரண காரியம் பேசிவிட முடியாது. தட்டைப் பாதம் எல்லாமே நோயும் அல்ல. ஆனாலும் நடக்கப் பழகும் பிள்ளைக்குப் பளபள பூட்ஸ் வாங்கும் முன் ஒரு தடவை யோசிக்கலாம்.

"குதிகாலை முதலில் ஊன்றக் கூடாதாமே?" என்று மெல்லிய ஷூ வாங்கியவர்கள் தவறாமல் கேட்கிறார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் லீபர்மேன் குழு 2010இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பிய பேச்சு இது. வெறுங்காலில் ஓடிப் பழகிய கென்யர்கள் பெரும்பாலும் முன்பாதத்தில் இறங்குகிறார்கள், அதனால் காலில் ஏறும் திடீர் மோதல் குறைகிறது என்று அந்த ஆய்வு காட்டியது. ஆனால் அது ஓட்டத்தைப் பற்றியது. நடக்கும்போது வெறுங்காலோ ஷூவோ, மனிதர்கள் குதிகாலைத்தான் முதலில் ஊன்றுகிறார்கள். அதை மாற்றிக்கொண்டு முன்பாதத்தில் தத்தித் தத்தி நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதுதான் மிச்சம்.

நடையைப் பற்றி அதே குழு 2019இல் வெளியிட்ட ஆய்வு எனக்கு இன்னும் சுவாரசியமானது. வெறுங்காலில் நடந்து காய்த்துப்போன உள்ளங்கால் மரத்துப்போயிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். கென்யாவிலும் அமெரிக்காவிலும் சோதித்தபோது, எவ்வளவு காய்த்திருந்தாலும் தொடு உணர்வு குறையவில்லை. காய்ப்பு கெட்டியானது, தரையின் அதிர்வை உள்ளேயிருக்கும் உணர்விகளுக்கு அப்படியே கடத்துகிறது. நுரை மெத்தை வேறு மாதிரி. மோதலின் வேகத்தை அது மட்டுப்படுத்துகிறது, ஆனால் விசை நீடிக்கும் நேரத்தைக் கூட்டிவிடுகிறது. ஆக, அடி காணாமல் போவதில்லை, நீட்டி விநியோகிக்கப்படுகிறது.

மலைப்பாதையில் இந்த உணர்வுதான் முக்கியம். உள்ளங்கால் தோலில் நான்கு வகை உணர்விகள் உண்டு. அழுத்தம் மாறும் கணத்தைச் சில சொல்லும், நிலையாக அழுத்துவதைச் சில, தோல் எந்தப் பக்கம் இழுபடுகிறது என்பதைச் சில, நுண்ணிய அதிர்வைச் சில. இந்தச் செய்திகளை வைத்துக்கொண்டு கால் தசைகள் நமக்குத் தெரியாமலே ஒவ்வோர் அடியையும் திருத்திக்கொண்டிருக்கின்றன. தடித்த நுரைக்கு மேலே நின்றால் கூழாங்கல், வேர், சரிவு எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும். கையுறை மாட்டிக்கொண்டு மல்லிகைச் சரம் தொடுப்பதுபோல: முடியாதென்றில்லை, ஆனால் கண் அங்கேயே இருக்க வேண்டும்.

கணுக்கால் சுளுக்குக்கு வருவோம். தரைக்கும் பாதத்துக்கும் நடுவில் உயரம் கூடினால், விளிம்பு ஒரு கல்லில் ஏறும்போது பாதத்தைப் புரட்டும் திருப்புவிசையும் கூடுகிறது. புரள ஆரம்பித்தபின் தசை விறைத்துத் தடுக்க நேரம் போதாது. புரளப்போவது முன்கூட்டியே தெரிந்து எடையை மாற்றிக்கொண்டால்தான் தப்பிக்கலாம். உயரக் கழுத்துள்ள ஷூ காப்பாற்றும் என்ற நம்பிக்கையை 1993இல் கூடைப்பந்து ஆடிய 622 கல்லூரி மாணவர்களிடம் சோதித்தார்கள். உயரக் கழுத்துக்கும் தாழ்ந்த கழுத்துக்கும் சுளுக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. கூடைப்பந்துத் தளம் மலை அல்ல என்பது சரிதான். ஆனால் பூட்ஸின் பெருமைக்கு அங்கேயே ஓர் ஓட்டை விழுந்துவிட்டது.

உணர்வு போனால் பாதம் என்னாகும் என்பதற்குப் பெரிய பாடம் வேலூரில் கிடைத்தது. சி.எம்.சி. மருத்துவமனையில் பணியாற்றிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதங்கள் ஏன் புண்ணாகிச் சிதைகின்றன என்று தேடினார். நோய் நேராகச் சதையைத் தின்பதில்லை. நரம்பு மரத்துப்போவதால்தான் புண் வருகிறது என்று கண்டார். நமக்கு ஒரே இடத்தில் தொடர்ந்து அழுந்தினால் அறியாமலே எடையை மாற்றி, நடையை லேசாகச் சாய்த்துக்கொள்கிறோம். அவர்களுக்கு அந்தச் செய்தியே வராது. அதே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை மிதித்து, சதை உடைகிறது. அப்படிப்பட்ட பாதங்களுக்காகச் சிறு காற்றறைகள் நிறைந்த மென்மையான ரப்பரில் அவரும் சகாக்களும் செருப்பு உருவாக்கினார்கள். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். செருப்பு அதே வகை ரப்பரில் ஆனது.

ஆகவே சர்க்கரை நோயால் பாதம் மரத்திருப்பவர்களுக்கு மெல்லிய ஷூ கூடாது. அது வேலை செய்வதே உணர்வை நம்பி. அங்கே மெத்தைதான் மருந்து.

நல்ல பாதம் உள்ளவர்களும் ஒரே நாளில் மாறக் கூடாது. 2013இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் 19 ஓட்டக்காரர்களைப் பத்து வாரத்தில், ஒவ்வொரு விரலுக்கும் தனி உறை உள்ள மெல்லிய 'விரல் ஷூ'வுக்கு மாற்றினார்கள். அவர்களில் 10 பேருக்குப் பாத எலும்புக்குள் நீர்கோத்த அறிகுறி கூடியிருந்தது ஸ்கேனில் தெரிந்தது. எலும்பு முறிவுக்கு முந்தைய எச்சரிக்கை அது. தசை சில வாரங்களில் தேறிவிடும். எலும்பு தன்னைப் பலப்படுத்திக்கொள்ள மாதங்கள் எடுக்கும், அதுவும் முதலில் பழையதைக் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டும். அந்த இடைவெளியில்தான் ஆபத்து. 'பாதத்தை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும்' என்று விளம்பரம் செய்த, அந்த விரல் ஷூவைத் தயாரிக்கும் வைப்ரம் நிறுவனம், ஆதாரம் இல்லை என்று தொடரப்பட்ட வழக்கில், தவறை ஒப்புக்கொள்ளாமலே 2014இல் 37.5 லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது. வேடிக்கை என்னவென்றால், அதே பிரிகாம் யங் ஆய்வாளர்கள் 2019இல், மெல்லிய ஷூவில் எட்டு வாரம் வெறுமனே நடந்தாலே, தனியாகப் பாதப் பயிற்சி செய்பவர்களுக்கு இணையாகப் பாதத் தசை பெருத்து வலுவடைகிறது என்று காட்டினார்கள். ஓடியதில் அல்ல, நடந்ததில். அதுவும் படிப்படியாகக் கூட்டி.

ஆண்டு முழுக்க ஷூவுக்குள் இருந்த கால், தைப்பூசத்துக்குப் பழனிக்கோ, வெள்ளியங்கிரிக்கோ திடீரென்று வெறுங்காலில் இறங்கும்போது என்னாகிறது என்பது போய்வந்தவர்களுக்குத் தெரியும். கொப்புளம் ஒரு வாரத்தில் ஆறிவிடும். முன்பாதத்தின் மேற்புறத்தில், எலும்பைத் தொட்டால் ஒரே புள்ளியில் வலித்தால் மட்டும் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கெண்டைக்கால் வலி வேறு. தூக்கிய குதிகாலுக்குப் பழகிய பின்கால் தசைநார், குதிகால் தாழ்ந்ததும் இழுபடுவதால் வருவது. முதலில் வீட்டுக்குள், பிறகு கடைத்தெரு வரை, பிறகு பூங்கா, கடைசியில் மலை. அவசரப்படாமல் சில மாதங்கள் ஆகட்டும்.

அப்படியானால் நம் ரப்பர் செருப்பே மினிமலிஸ்ட்தானே என்று கேட்கலாம். தட்டை, லேசு, வளையும், எல்லாம் சரி. ஆனால் குதிகாலைப் பிடிக்க வாரில்லை. செருப்பு நழுவாமலிருக்க விரல்கள் ஓயாமல் இறுக்கிக்கொண்டே இருக்கும். தெருவுக்குப் போதும், இறக்கத்துக்கு ஆகாது.

மலையில் வேறு சில நியாயங்களும் உண்டு. ஈரப்பாறையில் பிடிப்பைத் தருவது ரப்பரின் தரமும் அடியில் உள்ள பற்களும்தான், தடிமன் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தில் எந்த ஷூவும் நனையத்தான் போகிறது. மெல்லியது சீக்கிரம் காயும். அட்டைக்கு எல்லா ஷூவும் ஒன்றுதான். கருவேல முள் மட்டும் மெல்லிய அடிப்பாகத்தைத் துளைத்து ஏறிவிடும், அந்தக் காட்டில் கெட்டிச் செருப்பே மேல். பதினைந்து இருபது கிலோ பையோடு சரளைச் சரிவில் நாள்கணக்கில் நடப்பவர்களுக்கும் தடித்த அடிப்பாகத்தில் அர்த்தம் இருக்கிறது. இறக்கத்தில் மெல்லிய ஷூக்காரர்கள் எட்டு வைப்பதைச் சின்னதாக்கி, முழங்காலை லேசாக மடக்கியே இறங்க வேண்டும்.

கடையில் வாங்கும்போது சாயங்காலம் போங்கள். நாள் முழுக்க நின்ற பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும். ஷூவின் முன்பாதியை மடக்கிப் பாருங்கள், துணியைப் பிழிவதுபோல முறுக்கியும் பாருங்கள். பிறகு ஷூவுக்குள் பாதத்தின் அடியில் இருக்கும் மெத்தைத் தகட்டை (இன்சோல்) உருவித் தரையில் போட்டு அதன்மேல் வெறுங்காலோடு ஏறி நில்லுங்கள். சுண்டுவிரல் வெளியே பிதுங்கினால் அடுத்த ஜோடியை எடுக்கச் சொல்லுங்கள்.