கிராபிக்ஸ் டிரைவர் மாறும் அந்த இருண்ட நொடிகள்

கிராபிக்ஸ் டிரைவரை அப்டேட் செய்யும்போது பாதியில் திரை கறுத்துவிடும். சற்றுக் கழித்து எழுத்துகள் ஊதிப் பெரிதாகிக் கலங்கலாக ஒரு திரை வரும், மறுபடி கறுக்கும், பிறகு எல்லாம் சரியாகிவிடும். பயந்துபோய் பவர் பட்டனை அழுத்துகிறவர்கள் இந்த இடத்தில்தான் அழுத்துகிறார்கள். அழுத்தவே கூடாத இடமும் இதுதான்.

விண்டோஸ் கேட்பதைக் கிராபிக்ஸ் கார்டுக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றித் தருவது டிரைவரின் வேலை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அதன் பெரும்பகுதி கர்னலுக்குள்ளேயே, அதாவது விண்டோஸின் மையப் பகுதிக்குள்ளேயே ஓடியது. அங்கே ஒரு பிழை என்றால் நேராக நீலத்திரைதான். விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் அதை இரண்டாகப் பிரித்தது. ஷேடர்களை (நிறம், ஒளி, நிழலைக் கணக்கிடும் சிறு நிரல்களை) கார்டுக்கு ஏற்ற வடிவில் ஆக்குவது போன்ற சிக்கலான வேலைகள் கர்னலுக்கு வெளியே போயின. கார்டின் நினைவகத்தையும் வன்பொருளையும் நேரடியாகத் தொடும் பகுதி மட்டும் உள்ளே நின்றது.

புது டிரைவரைப் போட்டதும் கணினி பெரும்பாலும் ரீஸ்டார்ட் கேட்காமல் தப்புவதும் அந்த மாற்றத்துக்குப் பிறகுதான். பழைய டிரைவர் இறங்கியதும் ‘மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்’ பொறுப்பேற்கும். உங்கள் கார்டின் திறமை எதுவும் அதற்குத் தெரியாது. ஏற்கெனவே அமைந்த அளவில் புள்ளிகளை வரையத் தெரியும், அவ்வளவே. கலங்கல் அதனால்தான். புது டிரைவர் ஏறியதும் அது ஒதுங்கிக்கொள்ளும்.

நெடுநேரம் ஆகியும் திரை கறுப்பாகவே இருந்தால் முதலில் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட் விசைகளோடு ‘B’ எழுத்தைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும். திறந்திருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகாது. இதே வேலையை விண்டோஸ் தானாகவும் செய்யும்: கொடுத்த வேலைக்குக் கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால், தொங்கிவிட்டதாக முடிவுகட்டி ரீசெட் செய்துவிடும். அந்த ரீசெட் தோற்றாலோ, ஒரே நிமிடத்தில் அது திரும்பத் திரும்ப நடந்தாலோதான் நீலத்திரை.

பழைய டிரைவரை விண்டோஸ் உடனே தூக்கிப் போடுவதில்லை. சிஸ்டம்32-க்குள் ‘டிரைவர் ஸ்டோர்’ என்ற ஃபோல்டரில் அதன் பிரதி இருக்கும். டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளைத் திறந்தால் ‘ரோல் பேக் டிரைவர்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அது அந்தப் பிரதியைத்தான் எடுத்துவந்து போடுகிறது. எனவே அப்டேட்டுக்கு முன் செய்ய வேண்டியவை இரண்டே: ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (சிக்கல் வந்தால் விண்டோஸைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் சேமிப்பு) உருவாக்குவது, இப்போதைய பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்வது. என்விடியா கார்டென்றால் டிவைஸ் மேனேஜர் 32.0.15.6094 என்பதுபோல் நீளமாகக் காட்டும். கடைசி ஐந்து இலக்கங்களை எடுத்தால் 560.94. நிறுவனத்தின் தளத்தில் தேட வேண்டிய எண் இதுதான்.

அப்டேட் என்றாலே டிடியூவை (டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்) ஓட்டச் சொல்லும் ஆலோசனை எனக்கு உடன்பாடில்லை. பழைய டிரைவரின் தடயங்களைச் சுரண்டி எடுக்கும் அருமையான கருவிதான், சந்தேகமில்லை. ஆனால் அது டிரைவர் ஸ்டோரில் உள்ள பிரதியையும் சேர்த்தே துடைத்துவிடும். ரோல் பேக் பொத்தான் மங்கிவிடும். அவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஓட்ட வேண்டிய கருவி அது. வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இயங்கும் கணினி அப்போது ரெக்கவரி கீ கேட்கக்கூடும், அது கையில் இல்லாவிட்டால் திண்டாட்டம். என்விடியா கார்டைக் கழற்றி ஏஎம்டி போடும்போதோ, சாதாரண வழியெல்லாம் தோற்றபோதோ மட்டும் அதை எடுத்தால் போதும். டிரைவரைத் தேடித் தருகிறேன் என்று வரும் மூன்றாம் தரப்பு மென்பொருள்கள் எப்போதுமே வேண்டாம்.

வெளியான அன்றே போடாமல் ஒரு வாரம் பொறுப்பது கெட்டிக்காரத்தனம். 2010 மார்ச்சில் என்விடியாவின் 196.75 பதிப்பு சில கார்டுகளில் விசிறியைச் சரியாகச் சுழல விடாமல் சூடேற்றியது. நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. 2015 நவம்பரில் ஏஎம்டியின் கிரிம்சன் டிரைவரிலும் விசிறி வேகம் குறைவாகவே நின்றுவிடும் பிழை வந்து, அவசரத் திருத்தம் வெளியிட்டார்கள். டிரைவர் வெறும் படம் காட்டும் மென்பொருள் அல்ல, விசிறியும் அதன் கையில்தான். அதற்காக வருடக்கணக்கில் அப்படியே விட்டுவிடவும் கூடாது. கர்னலுக்குள் ஓடும் பகுதியில் ஓட்டை இருந்தால் அது கணினி முழுவதற்குமான ஓட்டை. பாதுகாப்புத் திருத்தம் என்று வந்தால் போட்டுவிடுவதே சரி.

லேப்டாப் என்றால் முதலில் அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்தைப் பாருங்கள். இரண்டு கிராபிக்ஸ் சிப்புகளுக்கிடையே மாறி மாறி ஓடும் மாடல்களுக்கு அவர்களே திருத்திய டிரைவர் இருக்கலாம். நிறுவும்போது சார்ஜர் செருகியிருக்கட்டும். மேசைக் கணினிக்கு யூபிஎஸ் இருந்தால் நல்லது, கரண்ட் போகிற நேரம் யாருக்குத் தெரியும்.

எல்லாம் முடிந்து கேமைத் திறந்தால் முதல் ஆட்டம் திக்கித் திக்கி ஓடலாம். முன்பு மாற்றிச் சேமித்து வைத்த ஷேடர்கள் பழைய டிரைவருக்கானவை; புதியது அவற்றை மறுபடி உருவாக்குகிறது. கொஞ்ச நேரம் ஆடிப் பார்த்த பிறகும் திக்கினால் அப்போது ரோல் பேக்கைத் தேடலாம்.