கயிறு கெட்டியா இருக்குல்ல, மாமா? எண்ண சுழற்சி நோய் வேலை செய்யும் விதம்

பாம்பனில் என் அக்கா வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம்தான். மச்சானின் நாட்டுப்படகு இடுப்பளவுத் தண்ணீரில் நங்கூரம் போட்டு நிற்கும். அக்கா மகனுக்குப் பதினாறு வயது நடந்தபோது, அந்த நங்கூரக் கயிற்றின் முடிச்சு அவிழ்ந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம் பிடித்துக்கொண்டது. ராத்திரி ஒன்பது மணிக்கு இறங்கிப் போய் முடிச்சைத் தொட்டுப் பார்ப்பான். வந்து படுப்பான். அரை மணியில் மறுபடி எழுந்து போவான். சில நாள் ஏழெட்டு தடவை. உப்புத்தண்ணீரில் ஊறி ஊறித் தொடையெல்லாம் புண்ணாகிவிட்டது. நான் போயிருக்கும் நாட்களில் என்னிடம் கேட்பான்: "கயிறு கெட்டியா இருக்குல்ல, மாமா?" நானும் டார்ச் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "கெட்டியா இருக்குடா, படு" என்பேன். நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் பயம் ஆகாசத்திலிருந்து குதித்தது இல்லை. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று தூக்கினால் கயிறு அறுந்து படகுகள் கரையில் மோதி உடைவதைப் பாம்பன் பிள்ளைகள் பார்த்தே வளர்கிறார்கள். அதனால் வீட்டில் எல்லோரும் பொறுப்பான பையன் என்று மெச்சினோம். ஆனால் காற்றே இல்லாத சித்திரை ராத்திரியிலும் அவன் கடலில் இறங்கினான். மச்சான் கரையேறும்போது கயிற்றை ஒரு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார், அவ்வளவுதான், வீட்டுக்கு வந்துவிடுவார். ஒரே படகு, ஒரே கயிறு. அப்பாவுக்கு ஒரு இழுப்பில் கிடைத்த முடிவு மகனுக்கு எட்டு தடவை பார்த்தும் ஏன் கிடைக்கவில்லை? ஓ.சி.டி. என்கிற எண்ண சுழற்சி நோயின் மையம் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

முதலில் எண்ணத்தைப் பார்ப்போம். வேண்டாத எண்ணம் வராத மனிதர் கிடையாது. 1978-இல் லண்டனில் ராக்மேன் என்பவரும், நம் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையிலிருந்து போன உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் சேர்ந்து, நோய் எதுவும் இல்லாத சாதாரண ஆட்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஐந்தில் நான்கு பேர் அளவுக்கு, தங்களுக்கும் விபரீதமான எண்ணங்கள் திடீரென்று வந்துபோவதாகச் சொன்னார்கள். குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, யாரையாவது தள்ளிவிடுவேனோ, சாமி சன்னதியில் கெட்ட வார்த்தை வாயில் வந்துவிடுமோ, இந்த மாதிரி. அந்த எண்ணங்களையும் நோயாளிகளின் எண்ணங்களையும் கலந்து கொடுத்தபோது, எது யாருடையது என்று அனுபவசாலிகளாலேயே எளிதில் பிரிக்க முடியவில்லை.

ஆக, வருகிற எண்ணத்தில் வித்தியாசம் இல்லை. அதற்கு மனம் என்ன அர்த்தம் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் "சீ, என்ன நினைப்பு இது" என்று விட்டுவிடுவார்கள். சிலருக்கு மட்டும், "இப்படி ஒன்று தோன்றிவிட்டதே, இனி ஏதாவது நடந்தால் அது என் குற்றம்" என்று ஆகிவிடுகிறது. இந்த மிதமிஞ்சிய பொறுப்புணர்வை 1985-இல் சால்கோவ்ஸ்கிஸ் என்ற உளவியலாளர் விளக்கி எழுதினார். சரி, எண்ணத்தையே அடக்கிவிடலாமே என்றால், மருந்து குடிக்கும்போது குரங்கை நினைக்காதே என்ற கதைதான். டேனியல் வெக்னர் 1987-இல் இதையே ஒரு வெள்ளைக் கரடியை வைத்துச் சோதித்துக் காட்டினார். நினைக்காதே என்று சொன்னால் கரடி திரும்பத் திரும்ப வந்தது.

அப்புறம் சடங்கு. பயம் ஏறுகிறது, கடலில் இறங்கிக் கயிற்றைத் தொடுகிறான், பயம் சட்டென்று இறங்குகிறது. அந்த நிம்மதிதான் நோய்க்குத் தீனி. நிம்மதி தந்த காரியத்தை மறுபடி செய்யச் சொல்வது மூளையின் இயல்பு. அதோடு, "நீ போய்ப் பார்த்ததால்தான் படகு தப்பித்தது" என்று ஒரு பொய்க் கணக்கும் எழுதிக்கொள்கிறது. பார்க்காமல் விட்டிருந்தாலும் படகு அங்கேயேதான் நின்றிருக்கும் என்று கற்றுக்கொள்ள அதற்கு ஒரு ராத்திரிகூடக் கிடைப்பதில்லை.

எட்டு தடவை பார்த்தும் நம்பிக்கை வராததற்கு இன்னொரு காரணம் உண்டு. இதைப் படித்த அன்றுதான் எனக்கு அவன் நிலைமை புரிந்தது. 2003-இல் நெதர்லாந்தில் வான் டென் ஹௌட், கிண்ட் என்ற இருவர், நோயில்லாத ஆட்களைக் கம்ப்யூட்டர் திரையில் ஒரு கேஸ் அடுப்பைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்க வைத்தார்கள். கடைசியாக எந்தக் குமிழைப் பார்த்தீர்கள் என்று கேட்டால் சரியாகவே சொன்னார்கள். ஆனால் அந்த நினைவு மங்கலாகிவிட்டது, அதன் மேல் நம்பிக்கையும் போய்விட்டது. ஒரே செயலைப் பல தடவை செய்யும்போது மூளை அதைத் தனித்தனியாகப் பதிவதை விட்டுவிடுகிறது. முதல் தடவை கயிற்றின் ஈரம், முடிச்சின் கனம், விரலில் பட்ட பாசி எல்லாம் நினைவில் நிற்கும். எட்டாவது தடவை "பார்த்தேன்" என்ற சொல் மட்டும் மிஞ்சும். சந்தேகத்தைத் தீர்க்கப் போய், போகப் போகச் சந்தேகத்தை வளர்த்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மூளைக்குள்ளும் இதற்குத் தடம் இருக்கிறது. கண்குழிக்கு மேலே இருக்கும் முன்மூளைப் பகுதி "ஏதோ தப்பு" என்று சைகை காட்டும். உள்ளே ஆழத்தில் இருக்கும் காடேட் என்ற பகுதி, வேண்டிய செய்தியைப் போகவிட்டு வேண்டாததை அடக்குவதில் பங்கெடுக்கிறது. தலாமஸ் செய்தியை மறுபடி முன்மூளைக்கே அனுப்புகிறது. ஓ.சி.டி. உள்ளவர்களுக்கு இந்த வட்டம் அளவுக்கு மேல் சூடாக ஓடுகிறது. 1992-இல் லூயிஸ் பாக்ஸ்டரின் குழு கலிபோர்னியாவில் எடுத்த மூளைப் படங்களில், மாத்திரையால் குணம் கண்டவர்கள், பேச்சும் பயிற்சியுமான சிகிச்சையால் குணம் கண்டவர்கள், இரண்டு சாராருக்குமே காடேட்டின் வேகம் குறைந்திருந்தது. பயிற்சி என்றால் வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

அந்தப் பயிற்சிக்கு இ.ஆர்.பி. என்று பெயர். 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் என்பவர் இரண்டு நோயாளிகளிடம் செய்து பார்த்து எழுதியதில் தொடங்கியது. பயப்படும் விஷயத்துக்கு நேரே போய் நிற்க வேண்டும், ஆனால் பயத்தை இறக்கும் சடங்கைச் செய்யக் கூடாது. முதலில் சின்னப் பயம், பிறகு பெரியது என்று ஏணிப்படி போல ஏற வேண்டும். பதற்றம் ஏறும், உச்சியில் நிற்கும், பிறகு தானே இறங்கும். சில நாள் இறங்காமலும் இருக்கும். அப்போதும் பாடம் நடக்கிறது. பழைய பயம் அழிவதில்லை, அதன் பக்கத்திலேயே "ஒன்றும் செய்யாமலும் தாங்க முடிகிறது" என்ற புதிய நினைவு பதிகிறது என்றுதான் இன்றைக்கு ஆராய்ச்சியாளர்கள் பலர் விளக்குகிறார்கள். அதனால்தான் ஒரே இடத்தில் செய்யாமல் பல இடங்களில், பல நேரங்களில் செய்யச் சொல்கிறார்கள்.

என் மருமகன் இதைத் தனியாகக் கற்கவில்லை. ராம்நாட்டில் ஒரு மாடி அறையில், மனநல ஆலோசகர் ஒருவர் நடத்திய குழுவில், சனிக்கிழமை தோறும், பன்னிரண்டு வாரம், ஆறு பிள்ளைகளோடு சேர்ந்து கற்றான். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். மற்ற பிள்ளைகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.

முதல் இரண்டு வாரம் வாயே திறக்கவில்லையாம். அவனிடம் கயிறு தவிர இன்னொன்றும் இருந்தது. அக்காவுக்குக்கூடத் தெரியாது. தம்பியைக் கூட்டிக்கொண்டு பாம்பன் ரோட்டுப் பாலத்தில் நின்று ரயில் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஒரு நாள் அங்கே நிற்கும்போது, "இவனைத் தள்ளிவிட்டால்?" என்று ஓர் எண்ணம். தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவன். அன்றிலிருந்து பாலத்துப் பக்கமே போவதில்லை, தம்பியின் கையைப் பிடிப்பதும் இல்லை. தான் ஒரு கொலைகாரன் என்று ஒரு வருஷம் மனசுக்குள் புதைத்து வைத்திருந்தான்.

மூன்றாவது வாரம் கீழக்கரைப் பக்கத்துப் பெண் ஒருத்தி பேசினாள். தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவும் ஒளு செய்ய உட்கார்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகிறது, கை சரியாக நனைந்ததா என்ற சந்தேகத்தில் தொழுகை நேரமே தவறிப்போகிறது என்றாள். பிறகு குரல் இறங்கி, அடுப்படியில் அரிவாள்மனையைப் பார்த்தால் அம்மாவை வெட்டிவிடுவேனோ என்று தோன்றுகிறது, அதனால் அடுப்படிக்கே போவதில்லை என்றாள். அறையில் யாரும் அதிரவில்லை. என் மருமகன், "எனக்குப் பாலம்" என்று இரண்டே வார்த்தை சொன்னான். ஒரு வருஷ ரகசியம் அங்கே உடைந்தது.

குழு வேலை செய்யும் விதம் இதில் ஓரளவு தெரிகிறது. அந்தப் பெண் அம்மாவை வெட்டப்போவதில்லை என்பது அவனுக்குப் பட்டப்பகல் போலத் தெரிந்தது. தன் விஷயத்தில் மட்டும் அந்த வெளிச்சம் இல்லை. அடுத்தவர் நோயை வெளியிலிருந்து பார்க்கிற கண்ணோடு மெல்லத் தன்னையும் பார்க்கப் பழகினான். 2004-இல் ஆஸ்திரேலியாவில் பாரட் என்பவரின் குழு பிள்ளைகளிடம் செய்த ஆய்வில், குடும்பத்தையும் சேர்த்துக்கொண்ட இந்தச் சிகிச்சை தனியாகக் கொடுத்தாலும் குழுவாகக் கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மனநல ஆலோசகர்கள் குறைவாக இருக்கும் நம் மாதிரி மாவட்டத்துக்கு அது பெரிய செய்தி.

ஒளு விஷயத்தில் ஆலோசகர் மார்க்கம் படித்த ஆலிம் ஒருவரைக் கலந்துகொண்டார். உறுப்புகளை மூன்று முறைக்கு மேல் கழுவ வேண்டியதில்லை, உறுதியானதைச் சந்தேகம் போக்காது என்பது மார்க்கச் சட்டமே. இந்த மாதிரி விடாத சந்தேகத்தைத்தான் ஊரில் வஸ்வாஸ் என்று சொல்வார்கள். ஆனால் அந்தச் சட்டத்தை ஒரு தடவைதான் கேட்க வேண்டும். தினம் கேட்டு உறுதி வாங்கினால் அதுவும் இன்னொரு சடங்காகிவிடும்.

இங்கேதான் நான் செய்த தப்பு எனக்குப் புரிந்தது. டார்ச் எடுத்துக்கொண்டு நான் போனது, "கெட்டியா இருக்குடா" என்று அக்கா ராத்திரியெல்லாம் சொன்னது, எல்லாமே அவனுக்காக நாங்கள் செய்த சடங்கு. அன்பால் செய்வதுதான், ஆனாலும் நோய்தான் சாப்பிடும். சட்டென்று ஒரே நாளில் நிறுத்தினால் பிள்ளை துவண்டுவிடும். ஆலோசகரோடு பேசி, பிள்ளைக்கும் சொல்லிவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

குழுவில் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் இருந்தான். அவனுக்கு எண்ணுகிற நோய், எதையும் நான்கு நான்காகச் செய்ய வேண்டும். இருவரும் சிநேகிதமாகிவிட்டார்கள். பொழுது சாயும் நேரம் பஸ் ஏறி வருவான். மருமகன் கயிற்றை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். இருவரும் நெத்திலி காய்கிற வலைக்குப் பக்கத்தில் மணலில் உட்காருவார்கள். ஒரு நாள் நானும் கூட இருந்தேன்.

"பயம் நூத்துக்கு எவ்வளவு?" என்றான் சிநேகிதன்.

"எண்பத்தஞ்சு." உள்ளங்கையில் மணலை அள்ளி இறுக்கிக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்து, "டேய், முடிச்சு சரியாத்தானே இருந்துச்சு?"

"அவிழ்ந்திருக்கலாம். அவிழாமயும் இருக்கலாம்."

எனக்கு நாக்கு துடித்தது, சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட. அடக்கிக்கொண்டேன். அந்தப் பையன் பேச்சைக் கால்பந்துக்கு மாற்றவும் இல்லை, தேற்றவும் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். எழுபது ஆயிற்று. மறுபடி எண்பது. முக்கால் மணி கழித்து நாற்பது. அக்கா கொடுத்தனுப்பிய சுண்டலை இருவரும் சாப்பிட்டார்கள். சிநேகிதன் வேண்டுமென்றே மூன்று பிடியோடு நிறுத்திக்கொண்டான். அது அவன் பயிற்சி.

மருந்தும் இருக்கிறது. ஃப்ளூவாக்ஸெடின், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் இந்த நோய்க்குக் கொடுக்கப்படுகின்றன. பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். நாலு நாளில் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. 2004-இல் அமெரிக்காவில் 112 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில், பயிற்சியும் செர்ட்ராலினும் சேர்ந்தபோது பலன் அதிகமாக இருந்தது. யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

நம் கடற்கரையில் மனநோய் என்றதும் எல்லோருக்கும் ஏர்வாடிதான் நினைவுக்கு வரும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த 28 பேர் அங்கே தீயில் கருகினார்கள். அந்தப் பயம் இன்னும் பெற்றோர் மனசில் இருக்கிறது, அதனால்தான் பிள்ளைக்கு ஒன்று என்றால் மறைக்கிறார்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் இன்று அதே ஏர்வாடி தர்கா பக்கத்திலேயே துவாவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு இருக்கிறது. பஸ் ஏற முடியாதவர்கள் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸின் 14416 எண்ணை எந்நேரமும் கட்டணமில்லாமல் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

அவனுடைய ஏணியின் கடைசிப் படி பாலம். பயிற்சி முடிந்து ரொம்ப நாள் கழித்துத்தான் அதில் ஏறினான், 2025-இல், புதிய ரயில் பாலம் திறந்த பிறகு. தம்பி நச்சரித்துக்கொண்டே இருந்தான், பாலம் நடுவில் தூக்குவதைப் பார்க்க வேண்டும் என்று. நாலு பேரும் போனோம், தங்கச்சிமடத்துச் சிநேகிதனும் சேர்த்து. கச்சான் காற்று பலமாக அடித்தது. தம்பி கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தான். மருமகன் அவனுக்குப் பின்னால், கை எட்டும் தூரத்தில் நின்றான்.

"வந்துச்சா?" என்றான் சிநேகிதன்.

"வந்துச்சு. அறுபது."

ரயில் மண்டபம் பக்கமிருந்து மெதுவாக வந்தது. தம்பி பெட்டிகளைச் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். பாதியில் எண்ணிக்கை தவறி, அண்ணன் தோளைப் பிடித்து இழுத்து, "நீ எண்ணினியா?" என்று கேட்டான்.