லேசர் உண்டு, டிஜிட்டல் இல்லை

பழைய எல்பி ரெக்கார்டு அளவுக்கு ஒரு தட்டு. விட்டம் 30 செ.மீ. ஆனால் கறுப்பு இல்லை. சிடி மாதிரி வெள்ளியாகப் பளபளக்கும். இதுதான் லேசர்டிஸ்க், வீட்டில் சினிமா பார்க்க வந்த வீடியோ தட்டு. பிலிப்ஸும் அமெரிக்கப் பொழுதுபோக்கு நிறுவனமான எம்சிஏவும் சேர்ந்து உருவாக்கிய இந்தத் தட்டு, 1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் 'டிஸ்கோவிஷன்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. ஆடியோ சிடி வர அப்போது இன்னும் நான்கு வருஷம் இருந்தது. நம்மில் பெரும்பாலோர் வீடியோ கேசட்டிலிருந்து நேரே விசிடிக்குத் தாவியவர்கள். அதனால் இதைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் இங்கே குறைவு.

லேசர் என்றதும் டிஜிட்டல் என்று நினைத்துக்கொள்கிறோம். இதில் படம் முழுக்க முழுக்க அனலாக், அதாவது எண்களாக மாற்றாமல் ஏறி இறங்கும் அலையாகவே பதிந்தது.

தட்டுக்குள் இருக்கும் அலுமினியப் படலத்தில், கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் சுருள் வரிசையாக ஓடுகின்றன. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி சுமார் 1.6 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). சமதளத்தில் விழும் லேசர் ஒளி நன்றாகத் திரும்பி வரும். குழியில் விழுந்தால் மங்கித் திரும்பும். இதுவரை சிடி கதையேதான். வித்தியாசம் குழியின் நீளத்தில் இருக்கிறது. சிடியில் குழிக்கு மொத்தம் ஒன்பது நீளங்கள்தான் அனுமதி. இடைப்பட்ட அளவு எதுவும் கிடையாது. லேசர்டிஸ்க்கில் அப்படி ஒரு கட்டுப்பாடே இல்லை. குழி எந்த நீளத்திலும் இருக்கலாம், எவ்வளவு நெருங்கியும் விலகியும் வரலாம். அந்த நெருக்கம்தான் படம்.

எஃப்.எம். ரேடியோவில் ஒலிக்கேற்ப அலையின் அதிர்வெண் ஏறி இறங்குகிறது அல்லவா? அதே உத்திதான் இங்கே படத்துக்கு. அமெரிக்க, ஜப்பானிய டிவி முறைத் தட்டுகளில், திரை கறுப்பாக இருக்கும்போது வினாடிக்குச் சுமார் 81 லட்சம் அதிர்வு. பளீர் வெள்ளையில் 93 லட்சம். வெளிச்சம் கூடக்கூடக் குழிகள் நெருங்கும். ஒலி தனியாக எங்கேயும் இல்லை. அதே குழிகளின் நீளத்தைத் துளி கூட்டிக் குறைத்து அதிலேயே ஏற்றிவிட்டார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

இந்தத் தட்டுகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகை நிமிடத்துக்கு 1800 சுற்று என்று ஒரே வேகத்தில் சுழலும். ஒரு சுற்றுக்குச் சரியாக ஒரு பிரேம், அதாவது அசையாத ஒற்றைப் படம். ஒரு பக்கத்தில் 54,000 பிரேம்கள், அதாவது 30 நிமிடம். தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், நடுவிலிருந்து விளிம்பு வரை எதிரெதிராக இரண்டு கோடுகள் சக்கரத்தின் ஆரக்கால்போலத் தெரியும். டிவி ஒரு பிரேமை இரண்டு பாதியாக வரைகிறது. ஒரு பாதியை முடித்து அடுத்ததற்குத் திரும்பும் வெற்று நொடித்துளி, ஒவ்வொரு சுற்றிலும் அதே இரண்டு இடங்களில் வந்து அடுக்கிக்கொள்வதால் வரும் கோடுகள் அவை. காட்சியை அப்படியே நிறுத்த வேண்டுமா? ஒவ்வொரு சுற்று முடிந்ததும் லேசர் ஒரு தடம் பின்னால் தாவும். அதே பிரேம் திரும்பத் திரும்ப வரும். கேசட்டை நிறுத்தினால் வரும் நடுக்கமோ கோடுகளோ கிடையாது.

இரண்டாவது வகை வெளிப்பக்கம் போகப்போக வேகத்தை 600 சுற்றுவரை குறைத்துக்கொள்ளும். பக்கத்துக்கு 60 நிமிடம் கிடைக்கும். சாதாரண பிளேயரில் அந்தத் துல்லியமான நிறுத்தம் போய்விடும். எந்த வகையானாலும் பாதிப் படத்தில் எழுந்துபோய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். பதிவு செய்யவும் முடியாது. விஹெச்எஸ் வீடியோ கேசட்டைவிடப் படம் எவ்வளவோ தெளிவாக இருந்தும் சாமானியர் கேசட் பக்கம் போனதற்கு இவையும் விலையுமே போதும். ஆரம்பகால பிளேயருக்குள் லேசருக்கென்று ஹீலியம்-நியான் வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயே இருந்தது. விலை எப்படிக் குறையும்?

தேய்மானம் மட்டும் இல்லை. ஊசி தொடுவதில்லை. மேலே ஒட்டிய தூசியும் அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது, ஏனென்றால் லேசர் குவிவது பிளாஸ்டிக்குக்குக் கீழே இருக்கும் படலத்தில். மேற்பரப்பில் அந்த ஒளி இன்னும் அகலமாகவே இருக்கிறது.

ஆனால் உள்ளிருந்து வரும் கேடு ஒன்று உண்டு. இரண்டு அரைத்தட்டுகளை முதுகோடு முதுகாகப் பசை போட்டு ஒட்டியதுதான் லேசர்டிஸ்க். ஒட்டியது சரியில்லை என்றால் காற்றும் ஈரமும் புகுந்து அலுமினியம் அரிக்கும். அரித்த டிவிடி என்றால் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிடும். லேசர்டிஸ்க் நிற்காது. திரையில் வண்ணப் புள்ளிகள் முதலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெறிக்கும், வருஷம் போகப்போக மழையாகக் கொட்டும். அதற்குப் பின்னால் படம் ஓடிக்கொண்டே இருக்கும்.