சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஏன் உதறுகிறது?

கார் ஓடும்போது ஒரு குறையும் தெரியாது. சிக்னலில் நின்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஸ்டியரிங் நடுங்கும், இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் ஆர்பிஎம் முள் 600க்கும் 900க்கும் நடுவே ஊசலாடும், இதோ அணையப் போகிறது என்று நெஞ்சு பதறும். பச்சை விழுந்து வண்டி நகர்ந்ததும் எல்லாம் சரியாகிவிடும். மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சு சார்" என்பார். நானும் ஒருமுறை அதை நம்பி மாற்றியிருக்கிறேன். புதுச் சென்சாரும் பழையது சொன்னதையே சொன்னது. பழையது பொய் சொல்லவில்லை. அது சொன்னதை நாங்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டோம்.

நிற்கும்போது மட்டும் ஏன் என்ற கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது. நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின் 750 ஆர்பிஎம்மில் சுழல்கிறது என்றால், நொடிக்கு 25 முறை எரிதல் நடக்கிறது. அந்த 25 தள்ளல்களும் இன்ஜினின் சொந்த உராய்வுக்கும், ஆல்டர்னேட்டருக்கும், ஏசி கம்ப்ரசருக்கும் சரியாகப் போய்விடும். கையிருப்பு என்று எதுவும் மிஞ்சாது. ஒரு சிலிண்டர் தவறினால் அடுத்தது வரும்வரை பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் தள்ளாடும். 3000 ஆர்பிஎம்மில் அதே தவறு நடந்தால், ஃப்ளைவீலின் வேகம் அந்தப் பள்ளத்தை நமக்குத் தெரியாமல் தாண்டிவிடும்.

இதைவிட முக்கியமான காரணம் காற்று. ஐடிலிங்கில், அதாவது கால் வைக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது, காற்று நுழையும் கதவான த்ராட்டில் ஏறக்குறைய மூடியே இருக்கும். வெளியே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் சுமார் 101 கிலோபாஸ்கல். த்ராட்டிலிலிருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் 30 முதல் 40 வரைதான். உள்ளே அத்தனை உறிஞ்சல் இருக்கும்போது, விரிசல் விட்ட ஒரு ரப்பர் ஹோஸோ, காய்ந்துபோன ஒரு கேஸ்கட்டோ போதும், காற்று சீறிக்கொண்டு உள்ளே வரும். 1.5 லிட்டர் இன்ஜின் ஐடிலிங்கில் நொடிக்கு இரண்டு மூன்று கிராம் காற்றைத்தான் இழுக்கிறது. சென்சார் எண்ணிய காற்று 2.5 கிராம், விரிசல் வழியாகத் திருட்டுத்தனமாக நுழைவது 0.5 கிராம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் வராதது 20 சதவீதம். 2500 ஆர்பிஎம்முக்கு உயர்த்தினால் எண்ணிய காற்று 10 கிராம் ஆகிவிடுகிறது. ஓட்டையோ அதே ஓட்டை, அதே 0.5 கிராம். இப்போது வெறும் 5 சதவீதம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஸ்கேனர் திரையில் இதே எண்கள் திரும்ப வரும்.

காற்றை எண்ணுவது ஏர் ஃபில்டருக்கு அடுத்து இருக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார். மின்சாரத்தால் சூடாக வைக்கப்பட்ட ஒரு கம்பி அல்லது மெல்லிய தகடு அதற்குள் இருக்கும். போகிற காற்று அதைக் குளிர்விக்கும்; சூட்டை அதே அளவில் வைக்க எவ்வளவு கரண்ட் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதிலிருந்து எத்தனை கிராம் காற்று போனது என்று ஈசியு, அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, கணக்கிடுகிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும் என்ற விகிதப்படி, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரைத் திறக்கிறது. சென்சாரைத் தாண்டிய பிறகு நுழைந்த காற்று இந்தக் கணக்கில் இல்லை. ஆகவே மிக்சர் லீன் ஆகிறது, அதாவது காற்றுக்குத் தக்க பெட்ரோல் இல்லை; எரிதல் தடுமாறுகிறது.

தடுமாறியதை ஈசியு எப்படி அறிகிறது? எக்ஸாஸ்டில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார் வழியாக. 1976இல் பாஷ் தயாரித்து வால்வோ கார்களில் முதலில் வந்த கருவி இது. சிர்கோனியா என்ற பீங்கானின் ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் எரிந்த புகை. 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானதும், இரு பக்கத்து ஆக்சிஜன் வித்தியாசம் வோல்டேஜாக மாறுகிறது. புகையில் ஆக்சிஜன் மிச்சமில்லை என்றால் 0.8, 0.9 வோல்ட், மிச்சம் நிறைய என்றால் 0.1, 0.2 வோல்ட். நல்ல நிலையில் அது 0.45ஐச் சுற்றி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பார்த்துச் சென்சார் கெட்டுவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. ஆடாமல் நின்றால்தான் கவலைப்பட வேண்டும். (புதிய கார்கள் பலவற்றில் முன்பக்கம் இருப்பது வேறு வகைச் சென்சார், அது இப்படி ஆடாது. வோல்டேஜை நம்பித் தீர்ப்பு எழுதுவதற்கு முன் எந்த வகை என்று பார்த்துக்கொள்வது நல்லது.)

லீன் என்று தெரிந்ததும் ஈசியு பெட்ரோலைக் கூட்டுகிறது. எத்தனை சதவீதம் கூட்டினோம், குறைத்தோம் என்பதை அது எழுதி வைக்கும் கணக்குத்தான் ஃபியூல் ட்ரிம். அந்தந்த நொடிக்கு ஏற்ப மாறுவது ஷார்ட் டேர்ம். அதையே பழக்கமாக்கிச் சேமித்து வைப்பது லாங் டேர்ம். இரண்டையும் கூட்டிப் படிக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஸ்கேனர் காட்டும் எண்களில் ஒன்றே ஒன்றை மட்டும் பார்க்கலாம் என்றால் இதைத்தான் பார்ப்பேன், அதுவும் இரண்டு வேகங்களில். ஐடிலிங்கில் +20க்கு மேல், 2500 ஆர்பிஎம்மில் +5 என்றால் சென்சார்களை விட்டுவிட்டு ஹோஸ்களைத் தேடலாம். ஐடிலிங்கில் சுமாராக இருந்து, வண்டியை இழுக்கவிடும்போது ட்ரிம் ஏறுகிறது என்றால் கதை நேர்மாறு: பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கும், ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது காற்று எண்ணும் கம்பியில் அழுக்குப் படிந்து குறைத்து எண்ணும். ஐடிலிங்கில் மைனஸில் போனால் ஒழுகும் இன்ஜெக்டர், பெட்ரோல் டேங்க் ஆவியை இன்ஜினுக்குள் விடும் பர்ஜ் வால்வு மூடாமல் நிற்பது என்று தேட வேண்டும்.

ஒரு விதிவிலக்கு. சில இன்ஜின்களில் காற்றை எண்ணும் சென்சாரே கிடையாது. மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார்தான். அங்கே திருட்டுக் காற்றும் அழுத்தத்தில் தெரிந்துவிடுவதால், ஈசியு அதற்கும் சேர்த்துப் பெட்ரோல் கொடுத்துவிடும். ட்ரிம் பெரிதாக அசையாது, ஐடிலிங் வேகம்தான் ஏறி நிற்கும்.

இனி நான் ஏமாந்த இடம். தீப்பொறி தரும் ஒரு பிளக்கோ, அதற்கு மின்சாரம் தரும் காயிலோ சரியாக வேலை செய்யாமல் ஒரு சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது. அந்தச் சிலிண்டரின் பெட்ரோல் எரியாமல் வெளியே வருகிறது. காற்றும் அப்படியே வருகிறது, ஆக்சிஜன் குறையாமல். சென்சாருக்குப் பெட்ரோலை எண்ணத் தெரியாது, ஆக்சிஜனை மட்டுமே தெரியும். அது "லீன்" என்கிறது. ஈசியு அதை நம்பி நல்ல சிலிண்டர்களுக்கும் சேர்த்துப் பெட்ரோலைக் கூட்டுகிறது. திரையில் லீன், சைலன்சரில் பெட்ரோல் வாடை, பிளக்கில் கரி. மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் பிளக், காயில் பக்கம் பார்க்க வேண்டும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் ஜாயின்டில் கசிவு இருந்தாலும் இதே போலி லீன்தான் வரும், ஏனென்றால் புகையின் துடிப்புகளுக்கு இடையே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும்.

எந்தச் சிலிண்டர் என்பதை கிராங்க் சென்சார் சொல்லும். பல கார்களில் கிராங்க் சக்கரத்தில் 60 பற்களுக்கான இடத்தில் 58 பற்களே இருக்கும். இல்லாத இரண்டும்தான் அடையாளக் கல். ஒவ்வொரு எரிதலுக்குப் பிறகும் பற்கள் எவ்வளவு வேகமாகக் கடந்தன என்று ஈசியு பார்க்கிறது. வேகம் எடுக்காத முறை எந்தச் சிலிண்டருடையதோ, அதன் பெயரில் பி0301, பி0302 என்று பிழைக் குறியீட்டைக் குறித்துக்கொள்கிறது. அந்தச் சிலிண்டரின் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். குறியீடும் கூடவே இடம் மாறினால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக், இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது என்று பொருள். அப்போது ஓட்டிப் பார்த்துச் சோதிக்கிற வேலை வேண்டாம்.

மற்ற சென்சார்களைச் சோதிக்க ஸ்கேனரைத் தவிர வேறு கருவி வேண்டாம், இரவு முழுக்க நின்ற வண்டி போதும். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால், கூலண்ட் வெப்பமும் இன்டேக் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். மேப் சென்சார் அன்றைய காற்றழுத்தத்தைக் காட்ட வேண்டும். கூலண்ட் மைனஸ் 40 என்றால் பனி கொட்டவில்லை. அந்த ஒயர் அறுந்திருக்கிறது, அல்லது கனெக்டர் கழன்றிருக்கிறது. இன்ஜின் உறைகுளிரில் இருப்பதாக நினைத்து ஈசியு பெட்ரோலைக் கொட்டும், சூடான இன்ஜின் அதில் திணறும்.

எல்லா எண்ணும் ஒழுங்காக இருந்து, ஆர்பிஎம் முள்ளும் அசையாமல் நிற்க, கார் மட்டும் அதிர்கிறதா? இன்ஜினைத் தாங்கி நிற்கும் இன்ஜின் மவுன்ட்டைப் பாருங்கள். ஸ்கேனருக்கு அது தெரியவே தெரியாது.

ஏர் லீக்கைத் தேடச் சிலர் சூடான இன்ஜின் மேல் கிளீனரை ஸ்பிரே அடிப்பார்கள். தீப்பிடிக்கும் சமாச்சாரம் அது; எனக்கு உடன்பாடில்லை. புகை செலுத்திப் பார்க்கும் கருவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், நிற்கும் வண்டியில் ஒவ்வொரு வேக்யூம் ஹோஸையும் இடுக்கியால் மெல்ல நெரித்துக்கொண்டே ஷார்ட் டேர்ம் ட்ரிம்மைப் பார்க்கலாம். என் காரில் பிரேக் பூஸ்டர் ஹோஸை நெரித்ததும் அந்த எண் சில நொடிகளில் சரசரவென இறங்கியது. ஹோஸை மாற்றினேன். மறுபடி ஸ்டார்ட் செய்தால், முன்பைவிட மோசமாக உதறியது! ஓட்டை அடைபட்டது ஈசியுவுக்குத் தெரியாதே. லாங் டேர்ம் கணக்கில் பழகியிருந்த கூடுதல் பெட்ரோலை அது இன்னமும் ஊற்றிக்கொண்டிருந்தது. ஸ்கேனரில் பழைய கணக்கை அழித்தேன். கொஞ்ச நேரத்தில் முள் 750இல் போய் அடங்கியது.