பிதுங்கிய ஜவ்வை உடம்பே கரைக்கும்

சேலம் லீ பஜாரில் மூட்டை இறக்குகிறவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் யாரும் ஆச்சரியப்படுவதில்லை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் சம்மணமிட்டுக் குனிந்தபடியே நாள் முழுக்கப் பொடி வைத்து ஊதுகிறவருக்கு வந்தால், "உட்கார்ந்து செய்ற வேலைதானே?" என்கிறார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு (டிஸ்க்) அப்படிப் பார்ப்பதில்லை. ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஆல்ஃப் நாக்கெம்சன் 1960களில் உயிருள்ள மனிதர்களின் முதுகு ஜவ்வுக்குள் ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார். நிமிர்ந்து நிற்கும்போது இருப்பதைவிடக் குனிந்து உட்காரும்போது அழுத்தம் அதிகம்.

இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் இந்த ஜவ்வைக் கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே அடுக்கடுக்கான நார்வளையம், உள்ளே நீர் நிறைந்த கூழ். மேலும் கீழும் எலும்போடு இறுக ஒட்டியிருப்பதால் ஜவ்வு முழுசாக நழுவ வழியில்லை. நார் கிழிந்த இடத்தில் கூழ் பிதுங்குகிறது, அவ்வளவுதான். குனியும்போது கூழ் பின்பக்கம் தள்ளப்படும். நரம்பு வேர்கள் இருப்பதும் அங்கேதான். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு ஜவ்வுகளே மாட்டிக்கொள்கின்றன.

வளர்ந்தவர்களின் ஜவ்வுக்குள் ரத்தக் குழாய் கிடையாது. பக்கத்து எலும்பிலிருந்து ஊறிவரும் சத்துதான் அதற்குச் சாப்பாடு. வயது ஏற ஏற நீர் வற்றி நாரில் கீறல் விழும். இதில் பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. புகைபிடித்தால் இன்னும் கெடும். ஆகவே கடைசியாகத் தூக்கிய தண்ணீர்க் குடத்தின்மீது மட்டும் பழி போடுவது நியாயமில்லை. பலருக்கு ஒரு தும்மலே போதுமானதாக இருக்கிறது. இரவெல்லாம் நீரை உறிஞ்சி ஜவ்வு உப்பியிருப்பதால், எழுந்த கையோடு குனிந்து வாசல் பெருக்குவதைச் சற்றுத் தள்ளிப்போடலாம்.

கோளாறு இடுப்பில், வலி காலில். பிட்டத்தில் தொடங்கிப் பாதம்வரை மின்சாரம் பாய்வதுபோல் இழுக்கும். கால் பெருவிரலை மேலே தூக்க வலுவில்லை என்றால் ஐந்தாவது இடுப்பு நரம்பு, முன்னங்காலில் எக்கி நிற்க முடியவில்லை என்றால் அதற்கு அடுத்த நரம்பு என்று ஸ்கேன் எடுக்கும் முன்பே மருத்துவர் ஊகித்துவிடுவார். நரம்பு நசுங்குவது மட்டும் வலிக்குக் காரணமில்லை. கூழிலுள்ள வேதிப்பொருட்கள் நரம்பைப் புண்ணாக்கி வீங்கவைக்கின்றன. அந்த அழற்சி அடங்கினால், பிதுக்கம் அப்படியே இருந்தாலும் வலி குறையும்.

எனக்கு வியப்பூட்டுவது இதற்குப் பிறகு நடப்பது. ரத்த ஓட்டமே எட்டாத இடத்தில் இருந்த கூழ் வெளியே வந்ததும், நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியப் பொருளாக நினைத்து மொய்க்கின்றன. புது ரத்த நாளங்கள் முளைக்கின்றன. துண்டு கொஞ்சங்கொஞ்சமாகக் கரைகிறது. நாரைக் கிழித்துக்கொண்டு முழுக்க வெளியே வந்த பெரிய துண்டுதான், உள்ளேயே புடைத்து நிற்கும் சிறியதைவிட நன்றாகக் கரைகிறது! கால் வலிக்காரர்களில் பெரும்பாலோர் ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் கத்தி படாமலே தேறிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 1994ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு ஜவ்வு புடைத்திருந்தது.

அந்த வாரங்களை எப்படிக் கடத்துவது? படுத்தே கிடக்கக் கூடாது. ஓரிரு நாள் போதும். பிறகு தாங்குகிற அளவு நடக்க வேண்டும். மருத்துவர் தரும் வலி, வீக்க மாத்திரைகள் அதற்குத் துணை. பிசியோதெரபிஸ்ட் சிலரைக் குப்புறப் படுக்கவைத்து, கையை ஊன்றி மார்பை மட்டும் உயர்த்தச் சொல்வார். அப்போது கால் வலி மேலேறி இடுப்போடு நின்றால் நல்ல அறிகுறி, இடுப்பில் கொஞ்சம் கூடுதலாக வலித்தாலும்கூட. வலி பாதத்தை நோக்கி இறங்கினால் அந்தப் பயிற்சி உங்களுக்கு ஆகாது. முதுகெலும்பருகே போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குக் கொஞ்ச காலம் நிம்மதி தரும். பெல்ட்டை மாதக்கணக்கில் கட்டிக்கொண்டால் தசைதான் சோம்பிப்போகலாம். கால் முன்னால் வரப் பிறந்தவரைக் கூப்பிட்டு இடுப்பில் மிதிக்கச் சொல்லும் வழக்கம் ஒன்று உண்டே, அதை மட்டும் தயவுசெய்து வேண்டாம்.

காத்திருக்கவே கூடாத நிலையும் உண்டு. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தெரியாமலே கசிவது, மலத்தை அடக்க முடியாமல் போவது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரத்துப்போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அவசர சிகிச்சை தேவை; அறுவை சிகிச்சையும் வேண்டியிருக்கலாம். ஏற்காட்டில் இருப்பவர் என்றால் விடியட்டும் என்று பார்க்காமல், அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இரவோடு இரவாக இறங்கிச் சேலத்தில் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.