காலையிலிருந்து எத்தனை முறை போனீர்கள்?

வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை செய்யும் ஒரு பெண், சென்ற கோடையில் மூன்றாவது முறையாகச் சிறுநீர் எரிச்சலோடு வந்தார். “தண்ணீரெல்லாம் நன்றாகக் குடிக்கிறேன் டாக்டர்” என்று பையிலிருந்த ஒரு லிட்டர் பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். அப்போது மாலை ஆறரை மணி. பாட்டிலில் நான்கு விரல் அளவுதான் குறைந்திருந்தது.

சுடர் அலையும் என்று அங்கே மின்விசிறி போடுவதில்லை. சேலத்துக் கோடையில், நெருப்புக்கு முன்னால், எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். வியர்வையில் போனதில் கால்வாசியைக்கூட அவர் திரும்பக் குடிக்கவில்லை. காரணத்தைத் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். ஆண்களும் பெண்களுமாகப் பலருக்கு ஒரே கழிப்பறை, அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உருப்படிக்குக் கூலி என்பதால் எழுந்து போனால் காசும் போகிறது.

அன்றிலிருந்து “ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் குடிக்கிறீர்கள்?” என்று நான் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் “இரண்டு லிட்டர்” என்றே சொல்கிறார்கள். வீட்டை விட்டுக் கிளம்பியபின் எத்தனை முறை சிறுநீர் கழித்தீர்கள், என்ன நிறத்தில் போனது என்று கேட்கிறேன். தறிக்கூடத்தில் நிற்பவர், துணிக்கடை விற்பனைப் பெண், பஸ் நடத்துநர், ஆசிரியை என்று பலரும் “ஒரு முறை”, “வீட்டுக்கு வந்துதான்” என்கிறார்கள். இவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியாமல் இல்லை. போக இடமில்லாததால் வாயைக் கட்டிக்கொள்கிறார்கள்.

சிறுநீர் குறைந்து கெட்டியாகும்போது அதிலுள்ள கால்சியமும் ஆக்சலேட்டும் படிகமாகிக் கல்லாகச் சேர்கின்றன. அடக்கிவைக்கும் சிறுநீரில் கிருமிகள் பெருகுகின்றன. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நாளைக்குச் சுமார் எட்டு டம்ளர், அதாவது இரண்டு லிட்டர் என்கிறது. அந்தக் கணக்கில் ஒரு டம்ளர் 250 மில்லி. நம் வீட்டு எவர்சில்வர் டம்ளர் பெரும்பாலும் அதைவிடச் சிறியது, ஒருமுறை அளந்து பாருங்கள். வெயிலிலும் அடுப்படியிலும் உழைப்பவருக்கு இந்த இரண்டு லிட்டர் போதாது. கல் ஒருமுறை வந்தவருக்குச் சிறுநீரே நாளைக்கு இரண்டரை லிட்டர் போக வேண்டும். மோர், ரசம், டீ எல்லாமே கணக்கில் சேரும். டீ குடித்தால் உடம்பில் நீர் வற்றிவிடும் என்பது மிகைப்படுத்தப்பட்ட பேச்சு.

ஏற்காட்டில் கதை வேறு. சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் தாகமே எடுப்பதில்லை. காபித் தோட்டச் சரிவில் நாள் முழுக்க ஏறி இறங்கும் ஒரு முதியவர் மூன்று டீயோடு பொழுதை முடித்துக்கொள்கிறார். வயதாக ஆகத் தாக உணர்வும் மங்கிவிடுகிறது. அவர்களிடம் தாகம் எடுத்தால் குடியுங்கள் என்று சொல்வதில் பயனில்லை. சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக் குடிக்கச் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். இதயம் பலவீனமானவர்களும் சிறுநீரகம் செயலிழந்தவர்களும் தங்கள் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. மற்றவர்களும் பகலில் விட்டதை இரவில் ஒரே மூச்சில் குடித்து ஈடுகட்டப் பார்க்க வேண்டாம்.

2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் 18-ஆம் பிரிவு குடிநீரைப் பற்றியது, அடுத்த 19-ஆம் பிரிவு கழிப்பறையைப் பற்றியது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. ஆனால் நாலைந்து பேர் உட்காரும் சிறு பட்டறைகள் அந்தச் சட்டத்தின் கைக்கு எட்டாமலே இருந்தன.

அந்தப் பெண்ணுக்கு மருந்துச் சீட்டோடு, பட்டறை உரிமையாளருக்கும் இரண்டு வரி எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது, உள்ளே விளக்கும் வந்தது. இப்போது பதினொரு மணிக்கும் மூன்று மணிக்கும் எழுந்து போகிறார். கூலியில் அந்தப் பத்து நிமிடங்கள் இன்னும் கழிகின்றன. அதைப் பற்றியும் அந்த உரிமையாளரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.